வீதி அறுந்த நாளில் ஒரு துளி இரத்தம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் ஊவா மலைகளைச் சரித்தபோது, பதுளை மாவட்டத்தின் பாதைகள் பலவும் மூடிப்போயின. மடுல்சீமையின் மேட்டுத் தோட்டங்களில் ஒருவருக்கு இரத்தம் சோதிக்க வேண்டுமென்றால் பசறைக்கோ பதுளைக்கோ இறங்க வேண்டும். வழியில் ஒரு மண்மேடு விழுந்தால் ஆய்வுகூடம் இல்லாத ஊராகிவிடும். நோயாளியின் பக்கத்திலேயே சில நிமிடங்களில் முடிவு சொல்லும் சிறு கருவிகளை அனர்த்த ஆயத்தத்தில் சேர்க்கக் கேட்பது நியாயமே. எந்தப் பரிசோதனை, யார் கையில், எப்போதிருந்து என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இடிபாட்டில் நசுங்கிய தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். அதைக் கையடக்கக் கருவியால் அளந்து, இரத்தச் சுத்திகரிப்பு யாருக்கு அவசரம் என்று பிரித்த அனுபவம் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்தில் உண்டு. ஆனால் இடிந்த கொன்கிரீட்டுக்குள் மூச்சுவிட இடைவெளி இருக்கலாம், சேற்று மண் அதை விடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்தன. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. தப்பியவர்களில் பலர் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக்குள் நெடுநாள் அடைந்து கிடந்தார்கள். மலையகத்தில் இந்தக் கருவிகளுக்கு வேலை இருப்பது அங்கேதான்: மாத்திரையும் கிளினிக் கொப்பியும் மண்ணோடு போய், பாடசாலையிலும் கோயிலிலும் தங்கியிருக்கும் சீனி வியாதிக்காரர், பிள்ளைத்தாய்ச்சி, காய்ச்சல்காரர் இவர்களிடம்.

மயங்கி விழுந்தவருக்குச் சீனி ஏறியதா, இறங்கியதா என்பதைக் குளுக்கோமீட்டர் சில விநாடிகளில் சொல்லும். அந்த இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது என்பதால் அந்தச் சில விநாடிகள் உயிர் காக்கும். அதே கருவியில் ஒரு குறையும் உண்டு. இரத்தசோகை உள்ளவரிடம் பல குளுக்கோமீட்டர்கள் சீனியைக் கூட்டிக் காட்டும். கொழுந்தெடுக்கும் பெண்களிடம் இரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று தோட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சீனி இறங்கிக் கிடக்கும் தாய்க்குப் 'பரவாயில்லை' என்று அது சொல்லிவிடக்கூடும். கலிபோர்னியாவின் ஆய்வாளர் ஜெரால்ட் கோஸ்டின் குழுவினர், 2005 கத்ரீனா சூறாவளிக் கால வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் செயற்கையாக உண்டாக்கிச் சோதனைப் பட்டிகளை அதில் வைத்துப் பார்த்தபோது அளவுகள் பிசகின. மடுல்சீமையின் மூடுபனியில், மூடி சரியாகப் பூட்டாத டப்பாவுக்குள் இருக்கும் பட்டிக்கும் இந்தக் கவலை பொருந்தும்.

என்னை அதிகம் அச்சுறுத்துவது எலிக்காய்ச்சல் பரிசோதனை. வெள்ளத்துக்கும் சேற்றுக்கும் பின்னால் வரும் நோய் இது. உடனடிச் சோதனைகளில் பெரும்பாலானவை பிறபொருளெதிரியைத் தேடுகின்றன. அது இரத்தத்தில் தென்படக் காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய 5 நாளாவது ஆகும். இரண்டாம் நாளில் 'நெகட்டிவ்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர் சிறுநீரகம் பழுதாகித் திரும்பி வரலாம். சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சல் வந்தால் சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்க வேண்டும். நெகட்டிவ் சீட்டு அதைத் தடுக்குமானால் அந்தச் சோதனை இல்லாமலிருப்பதே மேல். டெங்குவிலும் அப்படித்தான். என்எஸ்1 பட்டி முதல் நாட்களில் நோயின் பெயரைச் சொல்லும், ஆபத்து எப்போது வருகிறது என்று சொல்லாது. அதைச் சொல்வது திரும்பத் திரும்ப அளக்கும் இரத்தச் செறிவு. அதற்கு வேண்டிய சிறு சுழல் கருவி புதியதுமல்ல, பகட்டானதுமல்ல. முதலில் வாங்க வேண்டியது அதைத்தான்.

டித்வாவுக்குப் பின் இந்திய இராணுவம் மஹியங்கனையில் அமைத்த கள வைத்தியசாலை பெரிய உதவி. ஆனால் அத்தகைய உதவி பாதை திறந்த இடத்துக்குத்தான் வந்து சேரும். அதுவரை தோட்டத்தில் இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். அனர்த்தத்துக்கென்று பூட்டி வைத்த பெட்டியை அவர் புயலன்று முதன்முறையாகத் திறந்தால், பட்டி காலாவதியாகியிருக்கும், கையும் பழகியிருக்காது. சாதாரணத் திங்கட்கிழமையில் பிரஷர்க்காரருக்கும் கர்ப்பிணிக்கும் அதே கருவியைப் பயன்படுத்தி, முடிவைக் கொப்பியில் எழுதி, மாதமொரு முறை பதுளை ஆய்வுகூடத்தின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்தவருடைய கணக்கைத்தான் நம்பலாம். இதற்குக் குறுக்கே நிற்பது தொழில்நுட்பமல்ல. தோட்டச் சுகாதாரம் கம்பனிக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் இடையில் பங்குபட்டுக் கிடக்கிறது. தீர்ந்துபோன பட்டியை மறுபடி வாங்குவது யார் பொறுப்பு என்று அடுத்த மழைக்கு முன் எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். என் கருத்தில் அது மாகாணத் திணைக்களத்தின் பொறுப்பு.