வங்கி கடந்த கடலை வாடிக்கையாளர் கடப்பது எப்போது?

பாரத ஸ்டேட் வங்கியின் முன்னோடி 1864இலேயே கொழும்பில் கால்பதித்தது. இந்தியன் வங்கி 1932இல் அங்கே போனது. இலங்கை வங்கி 1995இல் சென்னையில் கிளை திறந்தது. வங்கிகள் பாக்கு நீரிணையை எப்போதோ கடந்துவிட்டன. ஆனால் படிக்கவோ பிழைக்கவோ அக்கரைக்குப் போகும் சாதாரண மனிதருக்கு அங்கே ஒரு சேமிப்புக் கணக்கு இன்னும் உரிமையாகவில்லை. விசாவின் வகையைப் பார்த்துத் தரப்படும் அனுமதியாகவே இருக்கிறது.

இந்தியா ஆளைப் பார்த்து வகை பிரிக்கிறது. குறுகிய காலம் வரும் பயணி ஆறு மாதம் வரை என்.ஆர்.ஓ. எனும் ரூபாய்க் கணக்கு வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு மாணவர் கடவுச்சீட்டு, விசா, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றைக் காட்டி அதே கணக்கைத் தொடங்கலாம். உள்ளூர் முகவரிக்கான சான்றை 30 நாளில் கொடுத்தால் போதும். அதுவரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரக்கூடாது, மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது. பாகிஸ்தான் மாணவருக்கு மட்டும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும்.

இலங்கை பணத்தைப் பார்த்து வகை பிரிக்கிறது. 1953இன் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி வந்த 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டவர் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு தொடங்கலாம். முதலீடு செய்ய வருபவருக்கு உள்முக முதலீட்டுக் கணக்கு உண்டு. டாலரோடு வருபவருக்கு இவை நல்ல வசதி. சம்பளத்தை ரூபாயில் வாங்கி வாடகை கட்ட வேண்டியவருக்கு அன்றாடக் கணக்கு கிடைப்பது வங்கியின் தீர்மானத்தில் தங்கியுள்ளது. இந்த ஓரிடத்தில் இந்திய முறையே மாணவருக்குக் கூடுதலாக உதவுகிறது.

2024 பிப்ரவரியில் யு.பி.ஐ. எனும் இந்தியக் கைபேசிக் கட்டண முறை இலங்கைக்குப் போனது. இந்தியப் பயணி தன் ஊர்க் கணக்கிலிருந்தே கொழும்புக் கடையில் பணம் செலுத்தலாம். ஊர் திரும்பப்போகிற பயணிக்கு அது போதும். அங்கேயே தங்கி உழைப்பவருக்குப் போதாது.

அகதியின் நிலை இன்னும் கடினம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இரு நாடுகளும் கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை, இந்திய வங்கிகள் ஏற்கும் அதிகாரபூர்வ ஆவணங்களின் பட்டியலில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 2014இல் இயற்றிய சட்டத்தால், அங்கே சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கை உரிமையாக்கியது. நிலையான முகவரி இல்லாதவரும் புகலிடம் கோருபவரும் அதில் அடக்கம். விண்ணப்பம் முழுமையாக வந்த பத்து வேலை நாளுக்குள் வங்கி கணக்கைத் திறக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும்.

கள்ளப்பணம் புகுந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கான விடையும் நம்மிடமே இருக்கிறது. ஆவணம் இல்லாதவருக்காக இந்தியா வகுத்த சிறு கணக்கில் இருப்பு 50,000 ரூபாயையும், ஆண்டு வரவு ஒரு லட்சத்தையும், மாதம் எடுப்பது 10,000 ரூபாயையும் தாண்டக்கூடாது. ஆளை வெளியே நிறுத்தாமல் தொகைக்கு வரம்பு கட்டும் முறை இது. இதையே அயல்நாட்டு மாணவருக்கும் தொழிலாளிக்கும் அகதிக்கும் இரு நாடுகளும் சட்டபூர்வ உரிமையாக விரிக்க வேண்டும். மறுக்கும் வங்கி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கணக்கு இல்லாதவர் கூலியைக் கையில் வாங்குகிறார். ஏமாற்றப்பட்டால் காட்ட அவரிடம் சான்று இருப்பதில்லை. அந்தச் சான்றை அவருக்குத் தருவது சலுகை அல்ல, நீதி.