துடுப்பு நுனியில் ஒரு முகவரி

திருவண்ணாமலைப் பக்கத்தில் மீன் என்றதும் நினைவுக்கு வருவது சாத்தனூர் அணைதான். அந்த அணையைத் தாண்டிப் போகும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அங்கிருந்து தெற்கே பரங்கிப்பேட்டை. வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். அதற்கும் தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு.

அந்த வேர்களுக்கிடையே ஒதுங்கி வளரும் குஞ்சு மடவையா, கொடுவாவா? நகமளவுகூட இல்லாத, ஊடுருவித் தெரியும் உடல். எண்ணிப் பார்க்கச் செதில்கூட முளைத்திருக்காது. பழகிய கண்ணும் திணறும் இடம் இது.

டிஎன்ஏ பார்கோடு அழகாவது இங்கேதான். சதைத் துணுக்கு ஒன்று போதும். பெரிய மீனென்றால் துடுப்பின் நுனி. எத்தனாலில் பாதுகாத்து, டிஎன்ஏவைப் பிரித்து, மைட்டோகாண்டிரியாவிலுள்ள சிஓஐ மரபணுவில் சுமார் 650 எழுத்துகளை மட்டும் பிசிஆர் முறையில் பெருக்குகிறார்கள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் அந்த வரிசையைப் படித்து, பெயர் தெரிந்த மீன்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் இனம் தெரிந்துவிடும். கனடாவின் பால் ஹெபர்ட் குழு 2003-இல் முன்வைத்த யோசனை இது. மியான்மர்க் கொடுவாவும் ஆஸ்திரேலியக் கொடுவாவும் வெவ்வேறு இனங்களாக இருக்கக்கூடும் என்று 2008-இல் காட்டியதும் இதே முறைதான்.

ஆனால் யாரோ ஒருவர் முதலில் மீனைக் கையிலெடுத்து, முள்ளெண்ணி, சரியான பெயரோடு அந்தத் தரவுத்தளத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு தவறென்றால் 650 எழுத்தும் வீண். கருவி எவ்வளவு புதிதானாலும், முதல் மரியாதை மீனறிந்த கண்ணுக்கே.