பதிவேடும் மனிதனும்: நீள்வெட்டு ஆய்வுமுறை குறித்து ஒரு திறனாய்வு

மதுரைக்கு மேற்கே, சமணமலை அடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடிக்குச் செல்வோர் பெரும்பாலும் மலைமீதுள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் கண்டு திரும்புவர். அவ்வூருக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பகுதிப் பிரமலைக் கள்ளர்மீது முதன்முதலாக 1914-இல் செயற்படுத்தப்பட்டது இவ்வூரிலேயாம். மனித வளர்ச்சியை ஆராயும் முறைகளைப் பற்றி எழுதப் புகுந்த நாம் ஒரு காவற் சட்டத்திலிருந்து தொடங்குவது வாசகருக்கு விந்தையாகத் தோன்றலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

மனிதர் வளரும் விதத்தை அறிய இருவழிகள் உள. ஒரே காலத்தில் பல வயதினரை அளந்து ஒப்பிடுவது குறுக்குவெட்டு ஆய்வு. அதே மனிதரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து, மீண்டும் மீண்டும் அளப்பது நீள்வெட்டு ஆய்வு. முன்னது எளிது, செலவும் குறைவு. எனவேதான் நம் கல்லூரிகளில் சமூக ஆய்வு என்றால் பதினைந்து நாள் முகாமும் ஒரு கட்டு வினாத்தாளும் என்றாகிவிட்டது.

இதனால் விளையும் பிழை சிறிதன்று. இவ்வூர் போன்ற ஒரு கிராமத்தில் எண்பது வயதினர், நாற்பது வயதினர், பத்து வயதினர் ஆகியோரின் படிக்கும் திறனை ஒரே வாரத்தில் சோதிப்பதாகக் கொள்வோம். கிடைக்கும் எண்களை அப்படியே நம்பினால், மனிதன் வயது ஏற ஏற எழுத்தறிவை இழக்கிறான் என்றே முடிவுகட்ட நேரும்! உண்மை யாதெனில், இன்று எண்பதைக் கடந்தவர் பிறந்தபோது அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. சென்னை மாகாணத்தில் அது நீங்கியது 1947-இல். அவருடைய பேரனோ 1982-இல் விரிவாகத் தொடங்கப்பெற்ற சத்துணவுத் திட்டத்திற்குப் பின் பள்ளி சென்றவன். வயதின் வேறுபாடு எனத் தோன்றுவது காலத்தின் வேறுபாடே. 2002-இல் ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கிய 'யங் லைவ்ஸ்' ஆய்வு இதனை உணர்ந்து, ஒரு வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 2,000 பேரையும் எட்டு வயதுச் சிறார் ஏறத்தாழ 1,000 பேரையும் ஒருசேரப் பின்தொடர்ந்தது. இளையோர் எட்டு வயதை எட்டியபோது, மூத்தோர் அதே வயதில் இருந்த நிலையோடு அவர்களை ஒப்பிட முடிந்தது.

ஆயின், நெடுங்காலம் பின்தொடர்வதாலேயே ஒன்று ஆய்வாகிவிடுமா? இங்கேதான் கீழக்குயில்குடி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. மக்கள் வழக்கில் 'ரேகைச் சட்டம்' எனப்பட்ட அச்சட்டத்தின்படி பதிவு பெற்றோரின் கைரேகை எடுக்கப்பட்டது. குறித்த காலத்தில் அவர்கள் அதிகாரி முன் வந்து நிற்க வேண்டும். இருப்பிடம் மாறினால் அறிவிக்க வேண்டும். ஊர் எல்லை கடக்க ராதாரிச் சீட்டு வேண்டும். இன்றைய ஆய்வாளர் எவரும் இதனினும் இறுக்கமான தொடர்பதிவைக் கனவிலும் பெறார். தம் பெயர் அதில் ஏறுவதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் காவலர் சுட்டதில் பலர் மாண்டனர்.

அப்பதிவேடு விடையை முன்னரே எழுதிவைத்துக்கொண்டு மனிதரைப் பின்தொடர்ந்தது. குற்றம் குருதியில் வருவது என்பதே அவ்விடை. அதனைப் பொய்ப்பிக்கக்கூடிய சான்று எதற்கும் அங்கு இடமில்லை. இருபது ஆண்டுகள் களவின்றி வாழ்ந்தவனைக் கண்டாலும், அவன் இயல்பு வேறு என்று கொள்ளாமல், காவல் பயனளித்தது என்றே கொள்ளும் அமைப்பு அது.

இதற்கு நேர்மாறான ஒரு சான்று அமெரிக்காவில் கிடைக்கிறது. பாஸ்டன் நகரில் ஷெல்டன் குளூக், எலினார் குளூக் என்னும் தம்பதியர் சீர்திருத்தப் பள்ளிகளைச் சேர்ந்த 500 சிறுவரையும் குற்றம் புரியாத 500 சிறுவரையும் ஆராய்ந்து, 1950-இல் நூல் வெளியிட்டனர். யார் குற்றவாளியாவான் என்று இளமையிலேயே கணித்துவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த ஏடுகள் பின்னர் ஹார்வர்டு சட்டக் கல்லூரி நூலகத்தின் நிலவறையில் கிடந்தன. ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்னும் இருவர் அவற்றை மீட்டு, அச்சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்களின் வாழ்வை எழுபது வயதுவரை தொடர்ந்தனர். அவர்கள் கண்டது என்ன? பெரும்பாலோர் காலப்போக்கில் குற்றத்தை விட்டனர். மணவாழ்வும் நிலையான தொழிலும் படைச் சேவையும் பலரைத் திருப்பின. யார் திருந்துவார், யார் திருந்தார் என்பதைக் குழந்தைப் பருவக் குறிப்புகளால் பிரித்தறிய இயலவில்லை. பழைய ஏடுகளே, அவற்றை எழுதியோரின் நம்பிக்கையை மறுத்துரைத்தன. நம் மாகாணத்துக் காவற் பதிவேடுகளை எவரேனும் இவ்வாறு திரும்ப வாசித்திருப்பின் எத்துணை நன்றாயிருக்கும்!

நற்கருத்துடன் நடைபெறும் ஆய்வுகளும் குறையற்றன அல்ல. வேலூரில் 1969 முதல் 1973 வரை நகரிலும் அண்டைக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பதிவு செய்யப்பட்டு, பிள்ளைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் அளக்கப்பட்டனர். சராசரி 28 வயதில் நீரிழிவுச் சோதனைக்கு உட்பட்டோர் 2,218 பேர். இளமையில் மெலிந்திருந்து, பின்னர் விரைந்து எடை கூடியோரிடம் இரத்தச் சருக்கரைக் கோளாறு மிகுதி என்பது அதனால் புலனாயிற்று. ஒரே நாள் அளவையால் இதனை ஒருபோதும் கண்டிருக்க இயலாது. எனினும், ஐந்தில் நான்கு பங்கினர் அக்கணக்கில் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. இறந்தோர், பிழைப்புத் தேடிப் புலம்பெயர்ந்தோர், மணமாகிப் பிற ஊர் சென்ற பெண்டிர் ஆகியோரே எந்த நீண்ட ஆய்விலிருந்தும் எளிதில் நழுவுவர். எஞ்சியோரைக் கொண்டு ஊரார் அனைவரையும் பற்றிப் பேசும் கட்டுரைகளை நாம் ஐயத்துடனேயே வாசிக்கிறோம்.

பிறிதொன்றும் உண்டு. வேலூரில் ஆய்வுக்கு வர மறுப்பவர் மறுக்கலாம். கீழக்குயில்குடியில் வராமை குற்றம். நழுவும் உரிமை ஆய்வின் கணக்கைப் பழுதாக்குகிறது என்பது மெய்யே. ஆயினும் ஆய்வையும் காவலையும் பிரித்துக் காட்டுவதும் அவ்வுரிமைதான். அப்பழுதைப் பொறுத்துக்கொள்ளல் தகும் என்பது நம் கருத்து.

முகாம் முடித்துத் திரும்பும் நம் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். வினாத்தாள்களை எறிந்துவிட வேண்டா. ஐந்தாண்டு கழித்து அதே வீடுகளின் வாயிலில் நின்று, முன்னர் எழுதியதை வீட்டார்க்குப் படித்துக் காட்டி, இன்னும் எழுதலாமா என்று கேட்டுப் பாருங்கள். முதல் தாளில் நாம் எழுதியவற்றுள் எத்தனை வரிகளை அவர்கள் அடித்துத் திருத்தச் சொல்கின்றனர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.