பாசியைப் பாசியால்

முள்ளை முள்ளால் எடுப்பதுபோல் பாசியைப் பாசியால் எடுக்கும் கலை ஒன்று உண்டு. வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களின் கலை அது.

மீனுக்குப் போடும் தீனி கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் தங்கிவிடுகிறது. அந்த மிச்சத்தைத் தின்றே மயிர்ப்பாசி பாறையெல்லாம் படர்ந்து பவளத்தை மூடுகிறது. பிய்த்து எறிந்தாலும் திரும்ப முளைக்கும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஏடி வேறு வழி கண்டார். விளக்கொளி விழும் வலைத்திரையில் பாசியை நாமே வளர்த்து, அவ்வப்போது சுரண்டி எடுத்துவிடுவது. 1982-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

இன்று பலர் பவளத் தொட்டியோடு இணைத்த கீழ்த்தொட்டியில் கீட்டோமார்ஃபா என்னும் பச்சைப்பாசியை வளர்க்கிறார்கள். பார்க்கச் சிக்கலான நைலான் நூல்கண்டு போலிருக்கும். மேல்தொட்டி விளக்கு அணைந்த இரவில் இதற்கு விளக்கு எரியும், நீரின் பி.எச். அளவு இரவில் அதிகம் இறங்காமலும் இது காக்கிறது. வளர்ந்ததை ஒரு கைப்பிடி அள்ளி வெளியே எடுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த சத்தே பச்சையாகத் திரண்டு கையில் வருகிறது. எத்தனை அழகான அறுவடை!

இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிதானம். சத்தை அறவே துடைத்துவிட்டால் பவளம் வெளிறிப்போகும்; டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் நுண்ணுயிரிகளின் பழுப்புச் சளி படரவும் கூடும். ஏனெனில் பவளத்தின் சதைக்குள்ளேயே நுண்பாசி குடியிருந்து அதற்குச் சோறு போடுகிறது; அந்தப் பாசிக்கும் கொஞ்சம் சத்து மிஞ்ச வேண்டும்.

தொட்டி வைத்திருப்பவர்களே, பாசியைக் கொல்லும் மருந்துப் புட்டியைத் திறக்கும் முன் கீழ்த்தொட்டியில் ஒரு கைப்பிடிப் பாசிக்கு இடம் கொடுங்கள்.