மண்ணீரல் இல்லாமல் வாழலாமா?

உடலியலை எளிமையாக விளக்கும் நூல்கள் பலவற்றில் மண்ணீரலுக்கு இரண்டு வரிகளே கிடைக்கின்றன. அது சிவப்பணுக்களின் இடுகாடு என்பது ஒன்று. அதை அகற்றிவிட்டாலும் மனிதன் வாழலாம் என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டாவது வரி பாதியில் நின்றுவிடுகிறது. சொல்லாமல் விட்ட பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

மண்ணீரல் குருதியை வடிகட்டும் சல்லடையும் ஆகும். நியூமோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் சர்க்கரைப் பொருளாலான உறையைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன. இவற்றை வெள்ளணுக்கள் எளிதில் பற்ற முடிவதில்லை. மண்ணீரலின் குறுகிய வழிகளில் குருதி மெல்ல ஊர்ந்து செல்லும்போது, அங்குள்ள விழுங்கணுக்கள் அவற்றைப் பிடித்து அழிக்கின்றன. அந்த உறைக்கு எதிரான எதிர்ப்பொருளும் அங்கே விரைவாக உண்டாகிறது.

மண்ணீரல் அகற்றப்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்குக் கடுமையான தொற்று நேர்வதை 1952-இல் கிங், ஷூமாக்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். பெரியவர்களுக்கும், அறுவை நடந்து பல ஆண்டுகள் கழித்தும், இது வரக்கூடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. இந்தச் செப்சிஸ் அரிது. ஆனால் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்ததாக மருத்துவ ஏடுகள் கூறுகின்றன.

ஏன் இவ்வளவு கடுமை? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தடுப்பாரின்றி ஒரு பாக்டீரியா அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாகக் கொள்வோம். 10 மணி நேரத்தில் 20 முறை இரட்டிக்கும். ஒன்று, பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். இரவில் வந்த காய்ச்சலை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதன் பொருள் இதுதான்.

ஆகவே மருத்துவர்கள் சோதனை முடிவுக்குக் காத்திருப்பதில்லை. குருதி மாதிரி எடுத்தவுடனே செஃப்ட்ரியாக்சோன், வான்கோமைசின் போன்ற மருந்துகளைச் சிரை வழியே செலுத்துகின்றனர். மாதிரி எடுக்கத் தாமதமாகுமானால் மருந்தே முதலில். திட்டமிட்ட அறுவையானால், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே தடுப்பூசிகள் போடப்படுகின்றன. தடுப்பூசி எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லை. எனவே அதன் பின்னும் எச்சரிக்கை வேண்டும்.

விபத்தில் மண்ணீரலை இழந்த ஒருவர் நம் நூலைப் படித்தால், தமக்குக் குறை ஒன்றுமில்லை என்றே எண்ணுவார். அந்த வரியை நூலாசிரியர்கள் இப்படித் திருத்தலாம்: "மண்ணீரல் இல்லாமலும் வாழலாம், ஆனால் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, மண்ணீரல் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும்." கூடுதலாகச் செலவாவது ஒரு வரிதான்.