பெயரில்லாப் பாண்டமும் பெயருள்ள பெட்டியும்

ஜப்பானிய அறிஞர் யானகி சோயெட்சு (1889–1961) எழுதிய கட்டுரைகளை, பெர்னார்ட் லீச் என்னும் ஆங்கிலக் குயவர் தம் மொழியில் ஆக்கித் தொகுத்து 1972ஆம் ஆண்டில் வெளியிட்டார். ‘பெயர் அறியாக் கைவினைஞன்’ என்பது அந்நூலின் தலைப்புக்குப் பொருள். உயர்ந்த பாண்டம் புகழ் விரும்பும் கலைஞன் கையிற் பிறப்பதில்லை. அன்றாடப் பயனுக்கென மலிவாகவும் மிகுதியாகவும் செய்து தள்ளும் பெயர் தெரியாத எளியவன் கையிலேயே பிறக்கின்றது என்பது அதன் உயிர்க்கருத்து. உழைப்பாளியின் கையை உயர்த்திப் பேசும் நூலாதலின் நம்மவர் படித்தற்குரியதே. ஆயினும் அதன்கண் ஒரு குழப்பம் உளது.

யானகியின் கொள்கைக்குக் கண்கூடான சான்றாகக் காட்டப்பெறுபவர் அவர்தம் நண்பர் ஹமாடா ஷோஜி. 1894ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1920இல் லீச்சுடன் இங்கிலாந்து சென்று, செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரையூரில் சூளை அமைத்துத் தொழில் செய்தார். தாயகம் மீண்டபின் அவர் தேர்ந்தது பெருநகரன்று. மாஷிகோ என்னும் சிற்றூர். தோக்கியோ அடுக்களைகளுக்கு நீர்ச்சாடியும் தேநீர்க் கெண்டியும் செய்தனுப்பிய ஊர் அது. அவ்வூர்க் களிமண் மணல் கலந்த முரட்டு மண்; மெல்லிய கிண்ணம் வனைய உதவாது. ஹமாடா மண்ணை மாற்ற முயலவில்லை. தம் கையை மண்ணுக்கேற்ப மாற்றிக்கொண்டார். ஆகவே அவர் பாண்டங்கள் தடித்து, கனத்து, தரையில் உறுதியாக அமர்ந்திருப்பன. அவ்வூர்க் கல்லைப் பொடித்துச் செய்த பூச்சு, சூளையில் வெந்து துருப்போன்ற செம்பழுப்பாகின்றது. நெல் உமிச் சாம்பல் கலந்த பூச்சோ பால்வெண்மை தருகின்றது. சரிவில் படிப்படியாக ஏறும் அறைகளையுடைய சூளையில் விறகிட்டே அவர் சுட்டார். பெரிய தட்டொன்றின்மீது அகப்பையாற் பூச்சை வீசி ஊற்றுதற்கு அவருக்குச் சில நொடிகளே செல்லும். அக்கோட்டில் தயக்கமில்லை, அழகு காட்டவேண்டும் என்னும் முனைப்புமில்லை. இவ்வளவில் யானகி கூறியது முற்றும் உண்மை.

நிற்க. இங்கிலாந்தில் தம் பாண்டங்களுக்கு இட்டுவந்த முத்திரையை ஹமாடா ஜப்பானில் விட்டுவிட்டார். இதனைத் துறவுபோலப் போற்றுவாரும் உளர். ஆனால் அப்பாண்டம் விலைக்குப் போகும்போது ஒரு மரப்பெட்டியில் வைக்கப்பெறும். பெட்டியின்மேல் ஹமாடாவே தம் கையால் எழுதிய பெயர் இருக்கும். பாண்டத்திற் பெயரில்லை, பெட்டியில் உண்டு! 1955ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு அவரை வாழும் தேசியச் செல்வங்களுள் ஒருவராக அறிவித்ததும் அவர் பெயர் அறியப்படாமையால் அன்று. இதனால் அவர் வனைந்தவற்றின் சிறப்பு இம்மியும் குறையாது. குறைவது கொள்கையே.

நூலுள் யானகி வியந்து போற்றும் கிண்ணம் ஒன்றுண்டு. கொரிய நாட்டு எளிய குயவன் ஒருவன் செய்த சோற்றுக் கிண்ணம் அது. ஜப்பானியத் தேநீர் ஆசான்கள் அதனைத் தலைமேற் கொண்டனர். அதற்கு வழங்கும் பெயர் ‘கிசாயெமோன்’. செய்தவன் பெயரென்று எண்ணற்க. அதனை ஒருகாலத்தில் உடைமையாக வைத்திருந்த ஒசாகா வணிகன் பெயர். ஹமாடா தம் பெயரைத் தாமே விட்டார். கொரியக் குயவனை எவரும் பெயர் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றாகுமா? கடற்படைத் தளபதியின் மகனாராகிய யானகி இவ்வேற்றுமையை எளிதிற் கடந்து செல்கின்றார். தொழிலின் பெயரையே பிறப்பின் பெயராகச் சுமந்த குயவரை அறிந்த நாம் அவ்வாறு கடத்தல் இயலாது. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது, அவனுக்கேற்ற தாழியை எங்ஙனம் வனைவாய் என்று ஐயூர் முடவனார் ஒரு குயவனை விளித்துப் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உண்டு. அரசன் பெயரும் புலவர் பெயரும் நமக்குக் கிடைத்தன; தாழி வனைய வேண்டியவன் பெயர் கிடைக்கவில்லை.

இனி, தோட்டத்தார் அனைவரும் அறிந்த ஒரு பாண்டத்தைக் கொண்டு இக்கொள்கையைச் சோதிப்போம். ரப்பர்ப் பால் ஏந்தும் மங்கு, பிளாஸ்டிக்காகுமுன் மண்ணாலானது. சிங்கப்பூரில் டிராகன் சூளை எனப்படும் நீண்ட சூளைகளில் சீனக் குயவர் விறகிட்டு அவற்றைச் சுட்டனர். 1940இல் கட்டப்பட்ட தவ் குவாங் சூளை ஜாலான் பஹார்ப் பகுதியில் இன்றும் நிற்கின்றது. மலிவு, மிகுதி, பயன், பெயரின்மை என யானகி கேட்ட நான்கும் மங்குக்கு உண்டு. செக்ரோல் எழுதும் என் கைக்குப் பழைய மங்குகள் பல வந்துள்ளன. சில விளிம்பு விரலுக்கு இதமாக வளைந்து, பூச்சு தேன்போல் வழிந்து நின்று, எவர் வீட்டு மாடத்திலும் வைத்தற்குரியன. சில வெறும் ஓடு. கோணிக் கொப்புளித்துப் பார்க்கச் சகியாதவை. இருவகையிலும் பெயரில்லை. பெயரின்மை அழகைத் தருமாயின் எல்லா மங்கும் அழகியவாதல் வேண்டுமன்றோ? மண்ணின் பக்குவமும், செய்தவன் கையும், நெருப்புச் சென்ற வழியும் அல்லவோ அவற்றை வேறுபடுத்தின?

கிசாயெமோன் கிண்ணத்தின் அடியையும் வாயையும் பற்றி யானகி எழுதியுள்ள பக்கங்களை அன்பர்கள் இருமுறை படிக்கலாம். பெயரின்மையின் பெருமை பேசும் பக்கங்களைப் படிக்கும்போது மாத்திரம் பழைய மங்கு ஒன்றை மேசைமேல் வைத்துக்கொள்வாராக.