கைப்பிடியில் இல்லாத பெயர்

ஆசிரியன் செத்துப்போனான் என்று நம்மவர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறபோதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது: பெயரே வழங்கப்படாதவன் எப்படிச் சாவான்?

ஜப்பானிய வாளில் அலகுக்கும் பிடிக்கும் நடுவே கையைக் காக்கிற தகட்டை ‘சுபா’ என்கிறார்கள். அறிந்தவர்கள் அதை ஒரு பிரதியாகவே வாசிக்கிறார்கள். மீன்முட்டை பரப்பினாற்போல் புள்ளி தட்டிய வேலை ‘நானாகோ’. செம்போடு கொஞ்சம் பொன் சேர்த்துக் கருநீலம் ஏற்றிய உலோகம் ‘ஷகுதோ’. செய்தவன் பொறித்த கையொப்பம் ‘மெய்’. நமக்கு மெய் என்றால் உண்மை. அங்கே மெய்யிலும் பொய் உண்டு. பெரிய கைகாரன் பெயரை மற்றவன் பொறித்தால் அது ‘கிமெய்’. ஆகவே பெயரைப் பார்த்து வேலையை நம்பிவிடுவதில்லை. வேலையைப் பார்த்துத்தான் பெயரைச் சோதிக்கிறார்கள்.

இனித் தஞ்சாவூருக்கு வருவோம். 1855இல் மராத்திய அரசு கம்பெனியின் கைக்குப் போனது. அதன்பின் அரண்மனை ஆயுதங்களில் ஒரு பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. மற்றதில் பெரும்பகுதி உடைபட்டுப் பழைய உலோகமாகப் போயிற்று. மிஞ்சிய கட்டாரிகளைப் பாருங்கள். பலவற்றின் அலகு ஐரோப்பிய இரும்பு. சிலதில் ‘ஆந்த்ரேயா ஃபெராரா’ என்று ஓர் இத்தாலியப் பெயர்கூட இருக்கும். அதுவும் ஐரோப்பாவில் பலபேர் பொறித்து விற்ற சந்தைப் பெயர்தான். யாளியும் கொடியுமாகக் குடைந்தெடுத்த கைப்பிடி இங்குள்ள கம்மாளர் வேலை. அதில் செய்தவன் பெயர் இல்லை.

பெயர் பொறிக்கிற வழக்கமே நம்மிடம் கிடையாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. யார் பெயர் நிற்கலாம் என்பதை உளியா தீர்மானித்தது? அதிகாரம் தீர்மானித்தது. ஜப்பானில் 1876இல் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்டது. வாளணி செய்த கைகள் பூச்சாடிக்கும் அலங்காரப் பொருளுக்கும் திரும்பின. கையொப்பமும் கூடவே போயிற்று. இங்கே 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. கூட எடுத்துப்போக நம் கம்மாளனிடம் கையொப்பம் எங்கே இருந்தது?

இதைப் பழங்கதை என்று ஒதுக்க மாகறலில் இருக்கிற என்னால் ஆகாது. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குக் காவல் வந்தது, நல்லதுதான். ஆனால் உடலையும் கரையையும் கோர்வையில் இணைக்க இருவர் கை வேண்டும். சேலையில் அந்த இருவரின் பெயர் ஏறுவதில்லை. கடைப் பெயர் ஏறுகிறது.

பெயர் இல்லாத இடத்தில் வேலையையே கையொப்பமாக வாசிக்கிற விமர்சனம் நமக்கு வேண்டும். கோர்வையை, குடைவை, உளித்தடத்தை வாசிக்கப் பழகுவோம். ஆசிரியனின் சாவை அறிவிப்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.